பிரெஞ்சு ரிவியேரா நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்ற இடமா?

கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருச்சியில் வங்கி வேலை, அடுத்த ஆண்டு ஓய்வு, அதையொட்டி மனைவியுடன் பிரான்சின் தெற்குக் கடலோரமான பிரெஞ்சு ரிவியேராவில் ஐந்து நாள். நீலக் கடல், மொனாக்கோ, கேன்ஸ் எல்லாம் படத்தில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்திருக்கிறது. போய் வந்த நண்பர் ஒருவரோ, "அது கோடீஸ்வரர்கள் இடம், கடற்கரையெல்லாம் கல்லு, பணம் தண்டம்" என்று சொல்லிவிட்டார். போகலாமா, வேண்டாமா என்று கேட்கிறீர்கள். செலவுக் கணக்கைக் கேட்பது போலத் தெரிந்தாலும் அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இத்தனை வருடம் சேர்த்த பணத்தைப் போட்டு அவ்வளவு தூரம் போய், கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்குமோ என்ற பயம் அது. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் அந்தக் கரையில் உள்ள நீஸ் நகரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். சுற்றுலா வழிகாட்டி வேலை. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வரும் ஓய்வு பெற்ற தம்பதிகள், தேனிலவுக்கு வரும் பிள்ளைகள் என்று பலரோடு நடந்திருக்கிறேன். எனக்கு அத்துப்படியான பகுதி நீஸிலிருந்து கிழக்கே இத்தாலி எல்லை வரைக்கும்தான். மேற்கே சான் ட்ரோப்பே பக்கம் நாலைந்து தடவைதான் போயிருக்கிறேன், ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். விலைகளும் அப்படித்தான். பஸ், ரயில் கட்டணம் பெரிதாக மாறாது. விடுதி அறை விலையோ வாரத்துக்கு வாரம் மாறும், அதில் நான் சொல்வது குத்துமதிப்பு.

உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது. கோழிமுட்டை அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரைக்கும் வழவழவென்று சாம்பல் நிறக் கூழாங்கற்கள். வெறுங்காலில் பத்தடி நடப்பதே பாடு. தண்ணீருக்குள் நாலு எட்டு வைப்பதற்குள் தரை மடமடவென்று இறங்கிவிடும், அலை திரும்பும்போது காலடிக் கல்லும் சேர்ந்து உருளும். அதனால் நீச்சல் தெரியாதவர்கள் அலை இருக்கும் நாளில் இறங்கவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். விளையாட்டுச் சாமான் கடையில் பத்துப் பதினைந்து யூரோவுக்கு ரப்பர் செருப்பு கிடைக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். ஆனால் அந்தக் கற்களிடம் வேறொரு விஷயம் இருக்கிறது. மாலையில் கூட்டம் குறைந்த பிறகு கரையில் உட்கார்ந்து காதைக் கொடுங்கள். ஒவ்வோர் அலையும் பின்வாங்கும்போது ஆயிரம் கற்கள் ஒன்றோடொன்று உரசிச் சரசரக்கும், முறத்தில் புளியங்கொட்டையைப் போட்டு யாரோ மெதுவாக ஆட்டுவது போல. பதினான்கு வருடமாகக் கேட்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. மணல்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் வில்ஃப்ரான்ஷ் இருக்கிறது, ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. நிலையத்தை விட்டு இறங்கினால் கடற்கரை.

'கோடீஸ்வரர்கள் இடம்' என்பதும் பாதி உண்மை. அது எப்படி அப்படி ஆனது என்று தெரிந்தால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதும் தெளிவாகும். மொனாக்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர் நாடு. முன்பு கிழக்கே இருக்கும் மாந்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்களும் அதற்குச் சொந்தம். மாந்தோனில் எலுமிச்சை கொழிக்கும், ராஜ்யத்தின் வருமானத்தில் பெரும்பகுதி அந்த எலுமிச்சை மீதும் எண்ணெய் மீதும் போட்ட வரி. வரிச்சுமை தாங்காமல் 1848-இல் இரண்டு ஊர்களும் பிரிந்துவிட்டன. 1861-இல் மூன்றாம் சார்லஸ் என்ற இளவரசர் நாற்பது லட்சம் பிராங்கு வாங்கிக்கொண்டு அவற்றைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தார். கையில் மிஞ்சியது ஒரு பாறையும் கொஞ்சம் கரையும். விளையவைக்க நிலமில்லை. அந்த நெருக்கடியில்தான் சூதாட்ட விடுதி பெரிய அளவில் வந்தது. 1863-இல் ஃபிரான்சுவா பிளாங்க் என்ற வியாபாரியின் கைக்கு அது போனது, 1868-இல் ரயில் வந்தது, 1869-இல் குடிமக்களுக்கு வருமான வரியையே எடுத்துவிட்டார்கள். அந்த விடுதியில் மொனாக்கோ குடிமக்கள் ஆடக் கூடாது என்பது சட்டம். அடுத்தவர் பணத்தில் ஊரை நடத்துவதற்காகவே எழுப்பிய பளபளப்பு அது. அதனால் நீங்கள் அங்கே போகும்போது உங்கள் பணத்தையும் எதிர்பார்த்துத்தான் காத்திருக்கும். விடுதிக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தால் நீஸில் குடிப்பதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும்.

மொனாக்கோவுக்கு அரை நாள் போதும். ரயிலில் நீஸிலிருந்து இருபத்தைந்து நிமிடம், கட்டணம் ஐந்து யூரோவை ஒட்டி. காலை 11.55-க்கு அரண்மனை வாசலில் காவலர் மாறும் நிகழ்ச்சி நடக்கும், அதற்கு முன்பே பாறை மேல் ஏறிவிடுங்கள். பக்கத்திலேயே 1910-இல் திறந்த கடலியல் அருங்காட்சியகம். டிக்கெட் விலை அதிகம்தான், ஆனாலும் அந்த ஊரில் பணம் கொடுத்துப் பார்க்கத் தகுந்த ஒரே இடம் அதுதான் என்பது என் கருத்து. கடல் விளிம்புப் பாறையிலிருந்தே எழுந்து நிற்கும் கட்டடம், கீழ்த்தளத்தில் மீன் தொட்டிகள். சூதாட்ட விடுதியை வெளியிலிருந்து பார்த்தால் போதும். பாரிஸ் ஓபராவைக் கட்டிய ஷார்ல் கார்னியே கைபட்ட முகப்பு, அழகாக இருக்கும், பார்ப்பதற்குக் காசு கிடையாது.

கேன்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரைப்பட விழா நடக்காத நாளில் அந்த அரங்கம் ஒரு சாதாரண மாநாட்டுக் கட்டடம், படிக்கட்டில் நின்று படம் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அங்கே போனால் படகேறி செந்த் மார்கெரித் தீவுக்குப் போய்விடுங்கள். பைன் மரக் காடும், கதைகளில் புகழ்பெற்ற, இரும்பு முகமூடி போட்ட கைதியை அடைத்துவைத்த கோட்டையும் இருக்கின்றன. சான் ட்ரோப்பேவுக்கு ரயில் கிடையாது. கோடையில் உள்ளே போகும் சாலையில் கார்கள் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஐந்து நாளில் ஒரு நாளை அதற்குக் கொடுக்காதீர்கள்.

சரி, அப்படியானால் எதற்குப் போவது? இந்தக் கரையில் ஆக அழகான விஷயங்களுக்குக் காசு இல்லை. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. முன்பு கடத்தல்காரர்களைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து போன ஒற்றையடிப் பாதைகள் கடலோரமாக ஓடின. 1976-இல் பிரான்சு ஒரு சட்டம் போட்டது: கடலை ஒட்டிய தனியார் நிலத்தில் மூன்று மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் நடந்துபோக வழி விட வேண்டும். இடத்துக்கு இடம் விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் பொதுவில் அந்த உரிமை நிலைத்துவிட்டது. அதனால்தான் உலகத்திலேயே விலை உயர்ந்த மாளிகைகள் நிற்கும், நீஸுக்குக் கிழக்கே கடலுக்குள் நீளும் ஃபெரா முனையை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சுற்றிவரலாம். மேலே மதில், மதிலுக்குப் பின்னால் யார் வீடு என்றுகூடத் தெரியாது. கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதன் கால்மாட்டில் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். அந்த மாளிகைக்காரர் தன் ஜன்னலில் பார்க்கும் அதே கடல், அதைவிடக் கிட்டத்தில் உங்களுக்கு. முனை முழுவதும் சுற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கரடுமுரடான இடங்கள் உண்டு, காற்று பலமாக இருந்தால் அடைத்துவிடுவார்கள். முட்டி வலி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அதை விட்டுவிட்டு, பியூலியூ என்ற ஊரிலிருந்து முனையில் இருக்கும் சான் ஜான் வரைக்கும் போகும் நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளம், கைப்பிடிச் சுவர், அங்கங்கே பெஞ்சு, அரை மணி நேரம்.

போன வருடம் மதுரையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார், எழுபது வயது. ஒரு குழுப் பயணத்தில் முன்பே இங்கே வந்தவர். அந்தப் பயணத்தில் பேருந்து நீஸில் நாற்பது நிமிடம் நின்றதாம், மொனாக்கோவில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் நேராக இத்தாலி. "வந்தேன்னு பேரு, ஒண்ணும் பாக்கல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால் மகன் மறுபடி கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாவை இந்த நடைபாதைக்குத்தான் கூட்டிப்போனேன். பாதி வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மகன் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். "இருப்பா, அந்தத் தண்ணி கலர் மாறுது பாரு" என்றார். மேகம் நகர நகரக் கடல் உண்மையிலேயே மாறிக்கொண்டிருந்தது. குழுப் பயணம் எல்லாமே மோசம் என்று சொல்லவரவில்லை, பாரிஸுக்கும் சுவிஸுக்கும் அது சரிப்பட்டுவரலாம். இந்தக் கரைக்கு மட்டும் அது ஒத்துவராது, ஏனென்றால் இங்கே உட்கார நேரம் வேண்டும்.

ஆகவே நீஸில் ஒரே இடத்தில் ஐந்து இரவும் தங்குங்கள், ரயில் நிலையத்துக்கோ டிராமுக்கோ நடக்கும் தூரத்தில். கார் எடுக்க வேண்டாம், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். கேன்ஸிலிருந்து இத்தாலி எல்லை வரை கடலோர ஊர்களை ஒரே ரயில் பாதை இணைக்கிறது, கணிசமான தூரம் கடலை உரசிக்கொண்டே போகும். இடையில் வேலை நிறுத்தம் வரலாம். வந்தால் முந்தின நாள் மாலையே எந்த ரயில் ஓடும் என்று வெளியிட்டுவிடுவார்கள், கடலோர பஸ் மாற்று வழியாக இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சைவம் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். நீஸின் சொந்தப் பலகாரமான சொக்கா நமக்கென்றே செய்தது போல இருக்கும். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். தோசை மாவை விடத் தண்ணீராகக் கரைத்து, வண்டிச் சக்கரம் போன்ற பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். சில நிமிடத்தில் மேலே கருகல் புள்ளிகளோடும் ஓரம் மொறுமொறுவென்றும் வெளியே வரும். கரண்டியால் கிழித்துக் காகிதத்தில் போட்டு, மிளகுத்தூளைத் தூவி, கையால் சாப்பிட வேண்டியதுதான். நாலு யூரோவுக்குள் முடியும். ஆறினால் ருசி போய்விடும், தட்டு வெளியே வரும் நேரம் பார்த்து வரிசையில் நில்லுங்கள். சுக்கினிப் பூவில் போடும் பஜ்ஜி, கீரையை உள்ளே வைத்துச் சுட்ட அப்பம், காய்கறிகளை வதக்கிச் செய்யும் ரத்தத்தூயி எல்லாம் கிடைக்கும். வெங்காயம் வதக்கிப் பரப்பிய பிஸ்ஸா மாதிரி ஒன்று இருக்கும், பார்க்கச் சைவம் போலவே இருக்கும், அதில் நெத்திலி இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள். "மீனும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். உணவகத்தில் சாப்பிடும்போது ஒரு கராஃப் (குடுவை) குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுப்பார்கள், பாட்டில் தண்ணீருக்குக் காசு தர வேண்டியதில்லை. கடைக்குள் நுழைந்ததும் எதையும் கேட்பதற்கு முன் "பொன்ஷூர்" சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று நம்மவர்கள் சொல்லும் குறையில் முக்கால்வாசி இந்த ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும்.

எப்போது வருவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில், கூட்டம், அறை விலை மூன்றும் உச்சத்தில் இருக்கும். மே மாதம் கேன்ஸ் விழா. மொனாக்கோ கார் பந்தயம் 1929 முதல் நடக்கிறது, மே கடைசியில் இருந்ததை 2026 முதல் ஜூன் தொடக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த நாட்களில் கரை முழுக்கவே விலை ஏறிவிடும். கடலில் இறங்க ஆசை இருந்தால் செப்டம்பர் நடுவில் வாருங்கள், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் சில நாள் மழை கொட்டித் தீர்த்துவிடும். கடலில் இறங்கும் எண்ணமே இல்லை என்றால் பிப்ரவரி. உண்மையில் இந்த ஊரே குளிர்காலத்துக்காக வளர்ந்த ஊர். லண்டன் குளிரிலிருந்து தப்பி வந்த ஆங்கிலேயர்கள் 1820-களில் கடலோரம் நடக்கப் போட்ட பாதைதான் இன்றைய ஆங்கிலேயர் உலாச்சாலை. 2021-இல் யுனெஸ்கோ நீஸைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் 'குளிர்கால உல்லாச நகரம்' என்ற காரணத்துக்காகத்தான். பிப்ரவரியில் பகலில் பதிமூன்று டிகிரி வாக்கில் இருக்கும், ஒரு கோட்டு போதும். மாந்தோனில் எலுமிச்சைத் திருவிழா, நீஸில் கார்னிவல் என்ற ஊர்வலத் திருவிழா, மலைச்சரிவில் மஞ்சள் மிமோசா பூத்துக் கிடக்கும். போன பிப்ரவரியில் என் விருந்தினர் ஒருவர் ஓர் இரவுக்கு 90 யூரோ கொடுத்த அறைக்கு ஜூலையில் 200-க்கு மேல் கேட்டார்கள். கார்னிவல் வார இறுதிகளை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் இருவருக்கும் அறை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 180 யூரோவில் நிம்மதியாக இருக்கலாம். தனியார் கடற்கரையில் ஒரு சாய்வு நாற்காலிக்குக் கோடையில் முப்பது நாற்பது யூரோ கேட்பார்கள், பத்தடி தள்ளிப் பொதுக் கரையில் துண்டை விரித்தால் இலவசம். விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை வைத்திருக்காதீர்கள். மொனாக்கோவுக்குத் தனி விசா தேவையில்லை.

விரும்பத்தகாத இரண்டு விஷயங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரயிலிலும் டிராமிலும் ஜேப்படி உண்டு, கதவு மூடும் நேரத்து நெரிசலில்தான் கை நீளும். நகையை ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இன்னொன்று, வெள்ளிக்கிழமைச் சந்தைக்காக இத்தாலியின் வென்ட்டிமிலியா வரை போனால், திரும்பும்போது எல்லையில் பிரெஞ்சு போலீஸ் ரயிலில் ஏறிச் சோதனை போடுவார்கள். நம் நிறத்து ஆட்களிடம் அதிகம் கேட்கிறார்கள் என்பது நான் கண்ணால் பார்த்தது, அது எனக்கு வருத்தமான விஷயம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும், விடுதியில் வைத்துவிட்டுப் போனால் பயணம் கெடும்.

நாட்களை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் நீஸ் பழைய நகரம், பூச்சந்தை, லிஃப்டில் ஏறிக் கோட்டைக் குன்று. பிரெஞ்சு மன்னர் பதினாலாம் லூயி உத்தரவில் 1706-இல் இடித்த கோட்டை, அதனால் மேலே ஏறுவது முக்கியமாக வளைகுடாவைப் பார்க்கத்தான். நண்பகல் பன்னிரண்டுக்கு ஒரு வெடிச்சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். ஊர்சுற்றப் போன மனைவி நேரத்துக்குச் சாப்பிட வர வேண்டும் என்று 1860-களில் இங்கே குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் தொடங்கிவைத்த வழக்கம் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டாம் நாள் வில்ஃப்ரான்ஷும் பியூலியூ நடைபாதையும். மூன்றாம் நாள் காலை மொனாக்கோ, மாலை மாந்தோன். நாலாம் நாள் ஆந்தீப், ஓவியர் பிக்காசோ 1946-இல் ஓவியக்கூடமாகப் பயன்படுத்திய கோட்டை அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. ஐந்தாம் நாள் கிராஸ். வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன மலை ஊர், பழைய தயாரிப்புக்கூடங்களை இலவசமாகச் சுற்றிக்காட்டுகிறார்கள். அங்கே மல்லிகை என்று பாட்டிலைத் திறந்து நீட்டினால் உங்கள் துணைவியாருக்கு வீட்டு வாசனை வரும். வாசனைத் தொழிலுக்குப் போகும் மல்லிகைச் சாற்றில் நல்ல பங்கு இன்று தமிழ்நாட்டுத் தோட்டங்களிலிருந்துதான் போகிறது. உச்சிமலையில் இருக்கும் எஸ் என்ற ஊர் என் பட்டியலில் இல்லை. அழகான ஊர், ஆனால் முழுக்கச் செங்குத்தான கல் படி, முட்டி வலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எந்த மாதம் என்று முடிவானதும் எழுதுங்கள், அந்த வாரத்தில் எந்த ஊரில் சந்தை, எங்கே சுற்றுலாக் கப்பல் கூட்டம் என்று பார்த்துச் சொல்கிறேன். மாந்தோன் போகும் ரயிலில் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.